கொலஜன் டின்னும் கோணேசர் கோயில் ஏற்றமும்

கேள்வி: எனக்கு 57 வயது. தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். என் எடை 70 கிலோ. ஒரு வருடமாக வலது முழங்காலில் நோ. கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போய்விடுவேன், இறங்கும்போதுதான் உயிர் போகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் தேய்மானம், தொடக்க நிலை என்றார்கள். தலைமயிரும் கொட்டுகிறது. ரொறன்ரோவில் இருக்கும் மகள் பெரிய டின் ஒன்றில் கொலஜன் தூள் அனுப்பியிருக்கிறாள். மூட்டு, தோல், முடி எல்லாவற்றுக்கும் நல்லதாம். பத்து நாள் தேநீரில் கலந்து குடித்தேன். இவரும் குடிக்கப் போகிறாராம். இவருக்கு சுகர் இருக்கிறது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினினும் கொஞ்சம் கூட. தேய்ந்த முழங்கால் இந்தத் தூளால் வளருமா? இதற்கெல்லாம் காசைக் கொட்டாமல் ஆட்டெலும்பு ரசம் வையுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டம்மா. இன்னொன்று: டின்னில் ‘போவைன்’ என்று இருக்கிறது. அது மாடா? நாங்கள் மீன் சாப்பிடுவோம், மாடு வீட்டுக்குள் வருவதில்லை.

பதில்:

ரீச்சர், நீங்கள் தயங்கித் தயங்கிக் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போவைன் என்றால் மாடுதான். கடைகளில் விற்கும் கொலஜன் பெரும்பாலும் மாட்டுத் தோல், பன்றித் தோல், மீன் தோல் செதில் ஆகிய மூன்றில் ஒன்றிலிருந்து எடுக்கப்படுவது. ‘மரைன்’ என்று இருந்தால் அது மீன். வெறுமனே ‘கொலஜன்’ என்று மட்டும் இருந்தால் எதிலிருந்து என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிற முஸ்லிம்கள் இதே கேள்வியைப் பன்றியை நினைத்துக் கேட்பார்கள். பத்து நாள் குடித்ததற்கு என்ன செய்வது என்பது என் பாடமல்ல. மனம் சஞ்சலப்பட்டால் பத்திரகாளி அம்மனிடம் ஒரு நடை போய் வாருங்கள். மகளைக் கோபிக்க வேண்டாம், அவள் டின்னின் முன்பக்கத்தை மட்டும் பார்த்திருப்பாள். விற்றமின் மாத்திரைகளில் வழுவழுப்பாக இருக்கிற அந்தக் கூடும் பெரும்பாலும் ஜெலற்றின்தான், அதுவும் விலங்குக் கொலஜன்தான். அதை இத்தனை வருடமாக நாம் யாரும் கேட்டதில்லை.

மாடு என்பதாலேயே டின்னை மூடி வைத்துவிட்டீர்கள் என்றால் மீதிக் கடிதம் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். மகள் அடுத்த முறை மீன் கொலஜன் அனுப்புவாள். அதனால் விசயத்துக்கு வருவோம்.

கொலஜன் நம் உடம்பிலேயே மிக அதிகமாக இருக்கிற புரதம். உடம்பின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு, இரத்தக் குழாயின் சுவர் என்று எதை எடுத்தாலும் அதைத் தாங்கிப் பிடிக்கிற நார் இதுதான். திருக்கடலூர்க் கரையில் கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு புரியை இழுத்தால் அறும், மூன்று புரியை முறுக்கினால் வள்ளத்தையே இழுக்கலாம். கொலஜனும் அப்படித்தான்: மூன்று இழை ஒன்றையொன்று சுற்றிய முறுக்கு. இந்த முறுக்கின் அமைப்பை 1954 இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஒவ்வொரு இழையும், புரதத்தின் கட்டுக்கற்களான அமினோ அமிலங்கள் ஏறத்தாழ ஆயிரம் கோத்த சங்கிலி. மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்கிற மிகச் சிறிய அமிலமாக இருந்தே ஆகவேண்டும், ஏனென்றால் முறுக்கின் நடுவில் வேறு எதற்கும் இடம் போதாது.

எலும்பில் இந்த நாரின் மேல் கல்சியம் உப்புகள் படிகின்றன. கட்டடக்காரர் கம்பி கட்டிக் கொங்கிறீற் போடுகிற மாதிரி. பேரப்பிள்ளைகள் வந்தால் காட்ட ஒரு வேடிக்கை: நன்றாகச் சுத்தம் செய்த கோழிக்கால் எலும்பைப் போத்தலில் போட்டு வினாகிரி ஊற்றி நாலைந்து நாள் விடுங்கள். வினாகிரியை இடையில் ஒருமுறை மாற்றுங்கள். கல்சியம் கரைந்து போய், எலும்பு ரப்பர் மாதிரி வளையும். அப்போது கையில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கொலஜன்.

இந்த முறுக்கு அவிழாமல் இருக்க விற்றமின் சி வேண்டும். அது இல்லாமல் உடம்பு இழையைச் செய்யும், ஆனால் இறுக்கிக் கட்ட முடியாது. பழைய கப்பற்காரருக்கு முரசு வீங்கி இரத்தம் வடிந்ததும், என்றோ ஆறிய காயம் மறுபடி திறந்ததும் இதனால்தான். ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் 1747 இல் நோயாளிகளுக்குத் தோடையும் எலுமிச்சையும் கொடுத்துக் குணமாவதைக் காட்டினார். பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றைக் கப்பல்களுக்கு ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கியது 1795 இல். அதே 1795 இல்தான் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதென்று நான் சொல்லவில்லை, ஆனால் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்குத் தேசிக்காய் ஞாபகம் வரும்.

சரி, தூளைக் குடித்தால் என்ன நடக்கிறது?

நீங்கள் தமிழ் ரீச்சர், உங்களுக்கு இப்படிச் சொன்னால் விளங்கும். பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கத்தரிக்கோலால் எழுத்தெழுத்தாக வெட்டி ஒரு பெட்டியில் போடுகிறீர்கள். அந்த எழுத்துகளை எடுத்து அதே பக்கத்தைத்தான் ஒட்டவேண்டும் என்று கட்டாயம் இல்லை. கடைக்குப் போகும் சிட்டையும் எழுதலாம். குடலும் அதைத்தான் செய்கிறது. கொலஜன் என்று அதற்குத் தனி மரியாதை கிடையாது; மீன், பருப்பு, முட்டை போல இதையும் பிரித்து இரத்தத்தில் விடுகிறது. அதை முழங்காலுக்கு அனுப்புவதா, தசைக்கு அனுப்புவதா, எரித்துச் சக்தியாக்குவதா என்பதை உடம்புதான் தீர்மானிக்கும். டின்னில் ‘மூட்டுக்கு’ என்று எழுதியிருப்பது உடம்புக்குத் தெரியாது.

ஆனால் இதோடு முடித்தால் நான் நேர்மையாகச் சொன்னதாகாது. எல்லாம் ஒற்றை எழுத்தாக உடைவதில்லை. கொலஜனுக்கே உரிய இரண்டெழுத்து, மூன்றெழுத்துத் துண்டுகள் சில முழுதாகவே இரத்தத்துக்கு வருகின்றன. அது அளந்து பார்க்கப்பட்ட விசயம். ‘கொலஜன் எங்கோ உடைகிறது, புதிது செய்’ என்று அந்தத் துண்டுகள் உயிரணுக்களுக்குச் சைகை கொடுக்கலாம் என்பது இதை நம்புகிறவர்களின் கட்சி. நாளுக்கு 2.5 முதல் 10 கிராம் வரை இரண்டு மூன்று மாதம் குடித்தவர்களுக்குத் தோலின் ஈரப்பதமும் இழுவையும் கொஞ்சம் கூடியதாகக் காட்டும் ஆய்வுகள் உண்டு. அவற்றில் நிறையவற்றுக்குப் பணம் போட்டவர்கள் தூள் விற்கிறவர்கள். அப்படிப் பணம் வாங்காத ஆய்வுகளை மட்டும் தனியாக எடுத்து 2025 இல் ஒரு தொகுப்பாய்வு பார்த்தது. தோலுக்கு அந்தப் பலன் அங்கே தென்படவில்லை. என் முடிவு: நஞ்சல்ல, கொடுக்கிற காசுக்கு நியாயமும் அல்ல. முகத்தில் பூசுகிற கொலஜன் கிறீம் பற்றிக் கேட்டால் இன்னும் சுருக்கமாகச் சொல்வேன். மூலக்கூறு அவ்வளவு பெரியது, தோலுக்குள் இறங்காது. பூசினால் ஈரம் நிற்கும், தேங்காயெண்ணெயிலும் நிற்கும்.

முழங்காலுக்கு வருகிறேன். உங்கள் உண்மையான கேள்வி அதுதான்.

1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் மிகவும் கூடியது, பிறகு படிப்படியாகக் குறைந்தது. அந்தக் காலத்தில் உடம்பில் புதிதாக உருவான எதிலும் அந்த ஆண்டின் முத்திரை விழுந்திருக்கும். முழங்கால் குருத்தெலும்பை எடுத்து இந்த முத்திரையைப் படித்துப் பார்த்தார்கள். வளர்ந்து முடிந்த பிறகு அதன் கொலஜன் கிட்டத்தட்டப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. நீங்கள் வலைப்பந்து விளையாடிய வயதில் அமைந்த அதே நார்தான் இன்றும் உங்கள் முழங்காலில் இருக்கிறது. இரத்தக் குழாயே இல்லாத இடம் அது. மிதிக்கும்போது பஞ்சு போல அமுங்கி, காலைத் தூக்கும்போது மூட்டு நீரை உறிஞ்சி அதிலிருந்துதான் ஊட்டம் எடுக்கிறது. அந்த இடத்தில் தேய்ந்தது தூளால் வளரும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நோ குறையுமா என்பது வேறு கேள்வி. கொலஜன் குடித்தவர்களில் முழங்கால் நோ ஓரளவு குறைந்ததாகச் சொல்லும் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. சூடாக்காத, உடைக்காத இரண்டாம் வகைக் கொலஜன் என்று 40 மில்லிகிராமில் மாத்திரை ஒன்றும் வருகிறது. அது வேலை செய்வதாகச் சொல்லப்படும் விதம் வேறு, உங்கள் டின்னில் இருப்பது அது அல்ல. இரண்டையுமே நான் எழுதிக் கொடுப்பதில்லை. ஒருவர் வாங்கிக்கொண்டு வந்து கேட்டால், மூன்று மாதம் பாருங்கள், மாற்றமில்லை என்றால் இரண்டாவது டின் வேண்டாம் என்பேன்.

இறங்கும்போதுதான் நோ என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி எனக்கு எக்ஸ்ரேயைவிட உதவியது. இறங்கும்போது உடம்பின் பாரத்தைப் பிடித்து மெதுவாக விடுவது தொடையின் முன்பக்கத் தசை. அது தளர்ந்தால் அடி முழுக்க மூட்டில் விழும். அதனால் மருந்து தொடையில்தான் இருக்கிறது. கதிரையில் நிமிர்ந்து இருந்து வலது காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து மெதுவாக இறக்குங்கள். பத்துத் தரம், பிறகு மற்றக் கால். காலையும் மாலையும். ஒரு கிழமை போனதும், கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றே கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடத்தில் எத்தனை தரம் எழும்ப முடிகிறதென்று எண்ணி நாட்காட்டியில் எழுதி வையுங்கள். ஆறு கிழமைக்குப் பிறகு மறுபடி எண்ணுங்கள். முதல் கிழமை தசை கொஞ்சம் வலிக்கும், அது பயப்பட வேண்டிய வலி அல்ல. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, கால் நடுவில் பூட்டிக்கொண்டாலோ, இரவில் நோவு எழுப்பினாலோ மட்டும் பயிற்சியை நிறுத்தி டொக்டரிடம் காட்டுங்கள்.

கோயிலிலிருந்து இறங்கும்போது நோகிற வலது காலை முதலில் கீழே வையுங்கள். ஏறும்போது நல்ல இடது கால் முதலில். பொல்லு பிடித்தால் இடது கையில், பலர் நோகிற பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு வருகிறார்கள். உப்புவெளிக் கடற்கரையில் நடப்பது நல்லது, ஆனால் புதைகிற காய்ந்த மணலில் வேண்டாம். அலை தொட்டுப் போன இறுகிய மணலில் நடவுங்கள். கன்னியா வெந்நீரில் குளித்தால் இதம் கிடைக்கும் என்று அம்மா காலத்திலிருந்தே சொல்வார்கள். கிடைக்கும்தான், சூட்டில் தசை இளகும். போய் வாருங்கள், வந்து பயிற்சியையும் செய்யுங்கள்.

எடையைப் பற்றிச் சொன்னால் யாரும் விரும்புவதில்லை, ஆனாலும் சொல்கிறேன். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. 70 கிலோவில் ஐந்தைக் குறைத்தாலே அடிக்கு இருபது கிலோ. உலகில் எந்தத் தூளும் இதைச் செய்யாது. நோ கூடுகிற நாளில் டைக்ளோஃபெனாக் ஜெல் பூசுங்கள். அதே மருந்தை மாத்திரையாக மருந்துக்கடையில் சொல்லி வாங்கி விழுங்குகிற பழக்கம் நம் ஊரில் அதிகம், அதை மட்டும் செய்யாதீர்கள்.

தலைமயிர் கொட்டுவதற்குக் காரணம் தெரியாமல் எதையும் குடிக்க வேண்டாம். உங்கள் வயதில் நான் முதலில் பார்ப்பது தைரொயிட், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிற்றின் ஆகிய இரண்டையும்தான். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘முடி, தோல், நகம்’ என்று விற்கும் கொலஜன் தூள்கள் பலவற்றில் பயோற்றின் என்ற விற்றமினை அள்ளிப் போட்டிருப்பார்கள். அது உடம்புக்குக் கெடுதி செய்யாது, ஆய்வுகூடத்துக்குக் கெடுதி செய்யும். தைரொயிட் பரிசோதனை முடிவைப் பொய்யாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையையும் குழப்பும். ஒருமுறை ஒருவரின் அறிக்கையைப் பார்த்துத் தைரொயிட் அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறதென்று நானே நினைத்துவிட்டேன். ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பையைத் திறந்து காட்டச் சொன்னேன், உள்ளே பயோற்றின் போத்தல். நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தோம், எல்லாம் சரி. உங்கள் டின்னின் பின்பக்கத்தில் பயோற்றின் என்று இருந்தால், இரத்தம் எடுப்பதற்கு மூன்று நாளாவது முன்பே நிறுத்திவிட்டு, குடித்ததையும் அங்கே சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டம்மா சொல்வதில் பாதி சரி. எலும்பை நீண்ட நேரம் அவித்தால் கொலஜனின் முறுக்கு அவிழ்ந்து ஜெலற்றின் ஆகும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த ரசம் காலையில் தளதளவென்று உறைந்திருப்பது அதனால்தான். டின்னில் இருப்பது அதையே இன்னும் நொறுக்கிக் காயவைத்தது. ஆகவே ரசம் குடியுங்கள், மிளகு தூக்கலாகப் போட்டு. ஆனால் எலும்பு ரசத்தில் கல்சியம் நிறைய இருக்கிறதென்று நினைக்க வேண்டாம், மிகக் கொஞ்சம்தான் இறங்கும். முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலியில் அதைவிட எவ்வளவோ உண்டு. இன்னொரு குறை, தூளுக்கும் ரசத்துக்கும் பொதுவானது: கொலஜனில் ட்ரிப்ரோஃபான் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் கிடையாது. சாப்பாட்டுப் புரதத்துக்கு அது ஈடாகாது.

கோட்டைக்குள் திரிகிற புள்ளிமான்களைப் பாருங்கள். கொம்பு என்பது எலும்பு, அதன் அடிப்படை கொலஜன். அதை உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்கவைக்கும் மிருகம் தின்பது புல். மான் அசைபோடுகிற பிராணி, அதன் வயிறு நம் வயிறல்ல, அது சரி. ஆனால் கொலஜன் செய்யக் கொலஜன் தின்ன வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி ஊரில் கிடையாது. உங்களுக்குத் தேவை ஒரு நாளைக்கு எழுபது கிராம் அளவில் நல்ல புரதம். நம் வீடுகளில் சோறு மலை போலவும் மீன் ஓரத்திலும் இருக்கும். அதை மாற்றுங்கள். நூறு கிராம் மீனில் இருபது கிராம் புரதம், ஒரு முட்டையில் ஆறு. பாரை, சூடை, சாளை எது மலிவோ அது. வெள்ளிக்கிழமை, விரத நாட்களில் பருப்பு, கடலை, பயறு, தயிர். விற்றமின் சிக்கு ஒரு கொய்யாப்பழம் போதும், அது ஒரு நாளின் தேவையைத் தாண்டியே தரும். நெல்லிக்காய் கிடைத்தால் இன்னும் நல்லது. தேசிக்காயைக் கொதிக்கும் கறியில் விடாமல் இறக்கி ஆறின பிறகு பிழியுங்கள், விற்றமின் சி சூட்டில் போய்விடும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கிற பழக்கத்தையும் ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் உணவின் இரும்பு வீணாகாது, தலைமயிருக்கு அது உதவலாம். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலின் கொலஜன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதைச் சாப்பாட்டால் தடுக்க முடியாது. வெயிலால் போவதைத் தடுக்கலாம், குடையைக் கைவிடாதீர்கள்.

ஐயாவுக்கு இந்தத் தூள் வேண்டாம். இதில் நான் இரண்டு மனதாக இல்லை. சுகரோடு கிரியேற்றினினும் கூடியிருக்கிறவர் எவ்வளவு புரதம் சாப்பிடலாம் என்பதை அவரைப் பார்க்கும் கிளினிக்கில்தான் சொல்ல வேண்டும். அதன் மேல் ஒரு கரண்டி தூளை அவராகப் போடக்கூடாது. கொலஜனில் மட்டும் நிறைய இருக்கிற ஹைட்ரொக்சிபுரோலின் உடம்பில் உடையும்போது அதில் ஒரு பங்கு ஒக்சலேற்றாக மாறிச் சிறுநீரில் போகிறது, சிறுநீரகக் கல்லில் பெரும்பாலும் இருப்பது அதுதான். கல் வந்த எவருக்கும் இதே பதில். ஆட்டெலும்பு ரசத்தையும் அவர் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

மகள் மறுபடி ‘என்ன அனுப்ப?’ என்று வட்ஸ்அப்பில் கேட்டால், அடிப்பாகம் மெத்தென்று, குதிக்கால் தட்டையாக, முன்னால் விரல்களுக்கு இடம் விட்ட ஒரு சோடி நடைச் சப்பாத்து கேளுங்கள். கால் அளவை மாலையில் எடுத்து அனுப்புங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். கோயிலில் எப்படியும் கழற்றத்தான் வேண்டும், அதனால் கயிறு கட்டுகிறது வேண்டாம், இழுத்து ஒட்டுகிறதாகப் பார்க்கச் சொல்லுங்கள்.